ஆறு மாதக் குழந்தையை டேகேருக்கு எப்படிப் பழக்குவது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும். மகளுக்கு ஐந்து மாதம். இன்னும் நான்கு வாரத்தில் 26 வார விடுப்பு முடிந்து தரமணியில் வேலைக்குத் திரும்ப வேண்டும். வேளச்சேரியில் ஒரு டேகேரில் சொல்லி வைத்தாயிற்று. ஆனால் பாட்டிலை வாயில் வைத்தாலே துப்புகிறாள், தூளி இல்லாமல் தூங்குவதில்லை, மாமியார் வேறு "இந்தப் பச்சை மண்ணைக் கொண்டுபோய் யார்கிட்டயோ விடணுமா" என்கிறார். எப்படித் தயார் செய்வது?

நான் பதினொரு வருடம் ஒரு டேகேரில் கைக்குழந்தைகள் அறையைப் பார்த்துக்கொண்டவள். அதற்கும் முன்னால், என் மகனை ஒன்பது மாதத்தில் ஒரு இடத்தில் விட்டுவிட்டு 21ஜி பஸ்ஸில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வேலைக்குப் போனவள். அதனால் இரண்டு பக்கமும் தெரியும் என்கிற தைரியத்தில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் மகளுக்கு டேகேர் என்றால் என்னவென்று தெரியாது. சுவரில் வரைந்த யானையும், மேலே சுற்றும் பொம்மையும், நீங்கள் கைப்பேசியில் பார்க்கப்போகும் கேமராவும் அவள் கணக்கிலேயே இல்லை. அவளுக்குத் தெரிவது ஆள். தூக்கும் விதம், குரல், புடவை வாசனை, தட்டுகிற தாளம், அவ்வளவுதான். எனவே "டேகேருக்குப் பழக்குவது" என்று யோசிக்காமல், அங்கே எந்த அம்மாவின் கையில் அவள் இருக்கப்போகிறாளோ அந்த ஒருவருக்குப் பழக்குவது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வாரத்தில் செய்ய வேண்டியதில் பாதி குறைந்துவிடும்.

ஆகவே இன்றைக்கே போன் செய்து கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: என் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்? பெயர் என்ன, எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார், அவர் லீவு போட்டால் யார்? "எல்லாருமே பார்த்துப்பாங்க மேடம்" என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். எல்லாரும் பார்ப்பது என்றால் யாரும் பார்க்காதது என்றும் ஆகலாம். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைகள் மூன்று பேருக்கு ஒருவர் இருந்தால் நல்லது, நான்கு வரைக்கும் சமாளிக்கலாம், அதற்கு மேல் போனால் எவ்வளவு பாசமான ஆயாம்மாவாக இருந்தாலும் முடியாது. ஒருத்திக்குப் பால் கொடுக்கும்போது இன்னொருத்தி டயப்பரை நிறைத்து வைத்திருப்பாள், மூன்றாமவன் அழுவான், கை இரண்டுதானே. நீங்கள் போய்ப் பார்க்கும்போது அவர்கள் சொல்லும் நேரத்தில் போகாதீர்கள். மதியம் பன்னிரண்டரைக்குப் போய் நில்லுங்கள், சாப்பாடும் தூக்கமும் அழுகையும் ஒன்றாகக் கூடும் நேரம் அது. அப்போது அந்த அறையில் குரல் உயர்கிறதா, டிவி ஓடுகிறதா என்று பாருங்கள். இன்னொன்று, "எங்க குழந்தைங்க எல்லாம் மதியம் நாலு மணி நேரம் தூங்கிடுவாங்க" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு அந்த இடத்தின் மேல் சந்தேகம்தான் வரும். ஆறு மாதக் குழந்தைகள் எல்லாம் ஒன்று போல நாலு மணி நேரம் தூங்க மாட்டார்கள்.

வயதைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள், "இவ்வளவு சின்னதாக" என்று. உண்மையில் ஆறு மாதம் எளிதான வயது. எட்டு, ஒன்பது மாதத்தில்தான் ஆள் அடையாளம் நன்றாகத் தெரிந்து, அம்மா கண்ணில் படவில்லை என்றாலும் எங்கோ இருக்கிறாள் என்று புரிய ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் புதிதாகக் கொண்டுபோய் விடுவதுதான் கடினம், என் மகனிடம் நான் பட்டது அதுதான். ஆனால் ஒன்று சொல்லி வைக்கிறேன். உங்கள் மகள் இப்போது சிரித்துக்கொண்டே போய், இரண்டு மூன்று மாதம் கழித்துத் திடீரென்று வாசலிலேயே உங்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழலாம். அப்போது "அங்கே ஏதோ நடந்துவிட்டது" என்று உடனே முடிவு கட்டாதீர்கள், விசாரியுங்கள், ஆனால் பெரும்பாலும் அது அறிவு வளர்வதன் அழுகை.

சரி, பாலுக்கு வருவோம். பாட்டிலைத் துப்புகிறாள் என்றால் பாட்டிலை விட்டுவிடுங்களேன். நம் ஊரில் பாலாடை என்று ஒன்று இருக்கிறது, சங்கு என்றும் சொல்வார்கள், உங்கள் மாமியாருக்கு நன்றாகவே தெரியும். குழந்தை மருத்துவர்களும் பாட்டிலைவிடப் பாலாடையையும் சின்ன டம்ளரையும்தான் விரும்புவார்கள், கழுவிக் கொதிக்க வைப்பது சுலபம், ரப்பர் காம்பில் அழுக்கு ஒளிந்துகொள்ளாது. ஆறு மாதத்தில் உட்கார வைத்துப் பிடித்துச் சின்ன டம்ளரில் கொடுத்தாலே பல குழந்தைகள் உறிஞ்சிக் குடித்துவிடும். டேகேரில் "எங்களுக்குப் பாட்டில்தான் வசதி" என்று சொல்லக்கூடும், நேரம் மிச்சம் என்பதால். அப்போது வற்புறுத்திக் கேளுங்கள், ஒரு முறை நீங்களே அந்த ஆயாம்மாவுக்குச் செய்து காட்டுங்கள்.

எதில் கொடுத்தாலும் முதல் இரண்டு வாரம் நீங்கள் கொடுக்கக் கூடாது. நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது "அசல் சரக்கு இங்கேதானே இருக்கு" என்று அவளுக்குத் தெரியும். அப்பாவோ பாட்டியோ கொடுக்கட்டும், நீங்கள் மொட்டை மாடிக்கோ கடைக்கோ போய்விடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும், அதுவும் உயிர் போகிற பசியில் இருக்கும்போது வேண்டாம், பாதிப் பசியில் கொடுத்துப் பாருங்கள். முதல் மூன்று நாலு நாள் கால் சங்குகூட இறங்காது. அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

எவ்வளவு எடுத்து வைப்பது என்பதில் எல்லா அம்மாக்களும் பயந்து ஃப்ரீசரை நிரப்பப் பார்ப்பார்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை முதல் ஆறு மாதத்தில் சராசரியாக ஒரு நாளைக்கு 750 மில்லி அளவு குடிக்கும். நீங்கள் பிரிந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30 முதல் 45 மில்லி என்று கணக்கு வைத்தால் ஒன்பது மணி நேரத்துக்கு 300, 400 மில்லிக்குள் வரும். 60, 80 மில்லி அளவில் சின்னச் சின்னதாகப் பிரித்து வையுங்கள், ஏனென்றால் வாய் வைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, பெரிய டப்பாவில் வைத்தால் மிச்சம் சாக்கடைக்குத்தான் போகும், அதைப் பார்க்கும்போது உங்களுக்கு வயிறு எரியும்.

சேமிப்பில் ஒரு சென்னைச் சிக்கல் இருக்கிறது. எடுத்த பால் வெளியே நான்கு மணி நேரம் தாங்கும் என்று எல்லா இடத்திலும் படித்திருப்பீர்கள். அது 25 டிகிரிக்குள் இருக்கும் அறைக்கு. நம் ஊரில் ஏசி போடாத எந்த அறை வருடத்தில் எத்தனை நாள் 25 டிகிரியில் இருக்கிறது? மே மாதம் கேட்கவே வேண்டாம். எனவே எடுத்தவுடன் ஃப்ரிட்ஜ் என்று பழகுங்கள். ஃப்ரிட்ஜில் நான்கு நாள், ஃப்ரீசரில் ஆறு மாதம் வரை நன்றாக இருக்கும். உறைந்ததை எடுத்து ஃப்ரிட்ஜில் உருக வைத்தால் முழுதும் உருகியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. உறைந்த ஐஸ் பேக் வைத்த கூல் பையில் ஒரு நாள் வரை தாங்கும், அலுவலகத்தில் எடுத்த பாலை வீட்டுக்குக் கொண்டுவர அது போதும், மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டாலும் பயமில்லை. ஒவ்வொரு பையிலும் பெயர், தேதி, நேரம் மார்க்கரில் எழுதுங்கள். டேகேரில் ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், கரண்ட் போனால் அந்த ஃப்ரிட்ஜுக்கு ஜெனரேட்டர் இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். சூடாக்க வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்தால் போதும், மைக்ரோவேவ் கூடாது, அங்கங்கே கொதித்து வாயைச் சுட்டுவிடும்.

சில பேருக்கு உறைய வைத்த பால் சோப்பு வாடை அடிக்கும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடுவார்கள். அது பாலில் இருக்கும் லைபேஸ் என்ற நொதி கொழுப்பை உடைப்பதால் வருவது, குடித்தால் கெடுதல் இல்லை, ஆனால் குழந்தை முகத்தைத் திருப்பும். முப்பது நாள் பாலைச் சேர்த்து வைத்துவிட்டு முதல் நாள் காலையில் இதைக் கண்டுபிடிப்பது கொடுமை. இந்த வாரமே ஒரு பையை உறைய வைத்து உருக்கி முகர்ந்து பாருங்கள்.

இவ்வளவும் செய்தும் பகலில் அவள் அரை வயிறுதான் குடிக்கலாம், ராத்திரி முழுக்க உங்களைப் பிடுங்கலாம். பகல் கணக்கை ராத்திரியில் தீர்ப்பது பல குழந்தைகளின் வழக்கம். சிறுநீர் நன்றாகப் போகிறது, எடை ஏறுகிறது என்றால் கவலை வேண்டாம், நீங்கள்தான் தூக்கமில்லாமல் மீட்டிங்கில் கொட்டாவி விடுவீர்கள். பால் போதவில்லை என்று மருத்துவரைக் கேட்டு ஃபார்முலா சேர்த்தால் அதிலும் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனால் ஒரு வயதுக்குள் பசும்பாலும், பாலில் தோய்த்த பிஸ்கட்டும் வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள், ஏனென்றால் அழுகிற குழந்தைக்குப் பிஸ்கட் நீட்டுவது எல்லார் கைக்கும் இயல்பாக வந்துவிடுகிற பழக்கம்.

தூளிக்கு வருவோம். வீட்டில் அம்மா புடவையில் கட்டிய தூளியில் ஆடித் தூங்கிய குழந்தை, டேகேரில் பாயிலோ கட்டிலிலோ மல்லாக்கப் படுத்தால் மேலே வெறும் ஃபேன் தெரியும், பாவம், அவளுக்கு உலகமே நின்றுவிட்ட மாதிரி இருக்கும். முதல் வாரம் டேகேரில் நான் கேட்ட அழுகையில் முக்கால்வாசி அம்மாவைத் தேடிய அழுகை இல்லை, தூளியைத் தேடிய அழுகைதான். தவிர ஐந்து ஆறு மாதத்தில் குப்புறக் கவிழவும் எழும்பவும் ஆரம்பிக்கும்போது தூளியைக் குறைப்பது அவள் பாதுகாப்புக்கும் நல்லது.

ஒரே நாளில் கழற்றி வைக்காதீர்கள். காலையில் வரும் முதல் தூக்கம்தான் மிக எளிது, அதை மட்டும் இந்த வாரம் தரையில் பாய் போட்டு, மேலே இறுக்கமான விரிப்போடு பழக்குங்கள், மற்ற தூக்கம் எல்லாம் தூளியிலேயே இருக்கட்டும். படுக்க வைத்து நெஞ்சில் லேசாகத் தட்டிக்கொண்டு ஒரே பாட்டை, ஒரே வரியை, தினமும் பாடுங்கள். சுருதி சேர வேண்டியதில்லை. ஒரு வாரம் கழித்து மதியத் தூக்கத்தையும் பாய்க்கு மாற்றுங்கள். ராத்திரித் தூளி கடைசியாகப் போகட்டும். அப்புறம் அந்த வரியையும் தட்டும் வேகத்தையும் ஆயாம்மாவுக்குச் சொல்லிக் கொடுங்கள், எங்களிடம் ஒரு தாத்தா வந்து மூன்று நாள் உட்கார்ந்து பேத்திக்கான ராகத்தை எங்களுக்குப் பாடம் எடுத்துவிட்டுப் போனார், சிரித்தோம், ஆனால் அந்தப் பெண்தான் அந்த வருடம் எல்லாரையும்விடச் சீக்கிரம் தூங்கப் பழகினாள்.

டேகேரில் மல்லாக்கத்தான் படுக்க வைப்பார்களா, தலையணை, போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் இல்லாமல் இருக்குமா என்று கேளுங்கள். அம்மா வாசனைக்காக உங்கள் பழைய காட்டன் துணி ஒன்றைக் கொடுத்து அனுப்புவது நல்ல யோசனைதான், ஆனால் குழந்தை படுக்கும் இடத்தில் வைக்கக் கூடாது, முகத்தில் மூடிக்கொள்ளும். அதை ஆயாம்மா தோளில் போட்டுக்கொண்டு குழந்தையைத் தூக்கட்டும்.

இனி நான்காவது வாரம், அதாவது பழக்கும் வாரம். இதற்குக் குறைந்தது ஏழு எட்டு நாள் வேண்டும், வேலைக்குச் சேரும் நாளுக்கு முந்தின நாள் ஆரம்பிக்காதீர்கள். முதல் இரண்டு நாள் நீங்களும் கூடவே ஒரு மணி நேரம் உட்காருங்கள், குழந்தை உங்கள் மடியில், ஆயாம்மா எதிரில். உங்களைப் பார்த்துத்தான் அவள் அந்த அம்மாவை எடைபோடுவாள், நீங்கள் அவரிடம் சிரித்துப் பேசினால் "சரி, இவங்க நம்ம ஆளு" என்று ஆகும். மூன்றாம் நாள் ஆயாம்மா மடியில் வைத்துப் பால் கொடுக்கட்டும், நீங்கள் வெளியே அரை மணி நேரம். அப்புறம் இரண்டு மணி நேரம், அப்புறம் ஒரு தூக்கம் அங்கே, அப்புறம் அரை நாள். ஒரு நாள் மோசமாகப் போனால் அடுத்த நாள் அதே அளவில் நில்லுங்கள், கூட்டாதீர்கள்.

கிளம்பும்போது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வீட்டுப் பெரியவர்கள் "பொம்மையைக் காட்டிட்டு நைசா நழுவிடு" என்பார்கள். நான் அப்படித்தான் நழுவினேன், ஒன்பது மாதப் பையன் அதற்கப்புறம் இரண்டு வாரம் என்னைக் குளியலறைக்குக்கூடப் போக விடவில்லை, எப்போது மறைவேன் என்று தெரியாததால் எப்போதும் பிடித்துக்கொண்டே இருந்தான். நாம் யாரும் "போறேன்" என்று சொல்ல மாட்டோம், "போயிட்டு வரேன்" என்றுதானே சொல்வோம், அதையே அவளிடமும் சொல்லுங்கள், ஒரு முத்தம், ஒரு டாட்டா, திரும்பிப் பார்க்காமல் நடங்கள். வாசலில் நின்று பத்து நிமிடம் எட்டிப் பார்த்தீர்கள் என்றால் அழுகை பத்து நிமிடம் நீளும்.

உடம்பு சரியில்லாமல் போகும், தப்பவே முடியாது. முதல் சில மாதம் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வரும், மழைக்காலத்தில் கை கால் வாய் நோய் ஒரு குழந்தைக்கு வந்தால் அறை முழுக்கச் சுற்றும். ஆறு மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது ஃப்ளூ ஊசியைப் பற்றிக் கேளுங்கள், முதல் வருடம் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை போட வேண்டும், டேகேருக்குப் போகிற குழந்தைக்கு அது மதிப்புள்ள செலவு. மருந்து விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை: பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம், சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120 அல்லது 250 மில்லிகிராம். "ஒரு மில்லி கொடுங்க" என்று போனில் சொல்லிவிட்டு எந்த பாட்டில் என்று சொல்லாமல் விட்டால் நாலு மடங்குகூட வித்தியாசம் வரும். மருத்துவர் எழுதிய சீட்டின் நகலையும், அதே பாட்டிலையும், அளவுக் குழாயையும் ஒரே கவரில் போட்டுக் கொடுங்கள், நல்ல டேகேர் சீட்டு இல்லாமல் மருந்து கொடுக்காது, அதற்காகக் கோபப்படாதீர்கள். டேகேரில் கொடுக்கும் முதல் போன் நம்பர் குழந்தையின் அப்பாவுடையதாக இருக்கட்டும். இல்லையென்றால் எல்லாக் காய்ச்சலும் உங்கள் லீவில்தான் கழியும்.

இணை உணவை டேகேரில் ஆரம்பிக்காதீர்கள். கேழ்வரகுக் கூழோ பருப்பு சாதமோ எதுவானாலும் வீட்டில் இரண்டு மூன்று நாள் கொடுத்து ஒத்துக்கொண்ட பிறகே அங்கே. தேன் ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூடக் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி பச்சைக் குழந்தை குடலில் நஞ்சை உண்டாக்கும். உரை மருந்து, கிரைப் வாட்டர் எதுவும் அங்கே வேண்டாம். அரைஞாண் கயிறு, கழுத்துச் சங்கிலி, வசம்பு வளையல் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள், தங்கம் போகும் என்பதைவிடக் கழுத்தை இறுக்கும், வாயில் போகும் என்பதுதான் பயம். திருஷ்டிப் பொட்டு இருக்கட்டும், கன்னத்தில்.

அலுவலகத்திலும் ஒன்று கேளுங்கள். 2017ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று விதி வந்தது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளை என்பது அதற்கும் முன்பிருந்தே சட்டத்தில் இருப்பது. தரமணியிலிருந்து வேளச்சேரி பக்கம்தான், மதியம் ஒரு முறை போய்ப் பால் கொடுத்துவிட்டு வர முடிந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். வேளச்சேரி என்பதால் இன்னொன்று: 2015லும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அங்கே தண்ணீர் நின்றது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த டேகேர் தரைத்தளமா, மழை நாளில் எத்தனை மணிக்கு மூடுவார்கள், சாலையில் நீங்கள் மாட்டிக்கொண்டால் யார் போய்க் கூட்டி வருவது என்பதை அக்டோபருக்கு முன்பே பேசி வையுங்கள்.

மாமியாரை எதிர்த் தரப்பில் நிறுத்தாதீர்கள். அவர் சொல்வதில் பயம்தான் இருக்கிறது. பழக்கும் வாரத்தில் ஒரு நாள் அவரையும் கூட்டிக்கொண்டு போய் ஆயாம்மா பக்கத்தில் உட்கார வையுங்கள். இரண்டு பேரும் பாலாடை பிடிப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நீங்கள் காபி குடித்துவிட்டு வரலாம். முழு நாள் விடும் முதல் நாளைத் திங்களில் வைக்காதீர்கள், ஐந்து நாள் தொடர்ச்சியாகத் தாங்குவது உங்களுக்கும் கஷ்டம். வியாழன் வையுங்கள், இரண்டே நாளில் சனிக்கிழமை வந்துவிடும், ராகு காலமும் மதியம் ஒன்றரைக்குத்தான், அவருக்கும் ஆட்சேபம் இருக்காது.

அன்று சாயங்காலம் நீங்கள் போய் நின்றதும் அதுவரை சும்மா விளையாடிக்கொண்டிருந்தவள் உங்கள் முகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி ஓவென்று அழுவாள். நாள் முழுக்க இப்படித்தான் அழுதாளோ என்று உங்களுக்கு நெஞ்சு அடைக்கும், ஆயாம்மாவை முறைக்கத் தோன்றும். அப்படி இல்லை, பிடித்து வைத்திருந்ததை உங்களிடம்தான் கொட்டுகிறாள். பையைத் தூக்கிக்கொண்டு உடனே ஓடாதீர்கள், அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்து பால் கொடுங்கள், ஆட்டோ பத்து நிமிடம் காத்திருக்கட்டும்.